பக்கத்து அறையில் ஆசீர்

லேப்டாப்பில் குரல் வந்துவிட்டது. நான் நினைத்திருந்ததைவிடக் கட்டையான குரல், தொண்டையில் சளி இருப்பதுபோல. அந்த அம்மாளுக்கு அங்கே இப்போதுதான் விடிந்திருக்கும். காப்பி குடித்துக்கொண்டே பேசுகிறாளோ என்னவோ, நடுநடுவே எதையோ விழுங்குகிற சத்தம் கேட்கிறது. பெனிட்டா குட்மார்னிங் என்கிறாள். இங்கே தெருவிளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது, ஜன்னல் கம்பியில் கொசு வந்து மோதுகிறது, என் மகள் ஹாலில் உட்கார்ந்துகொண்டு குட்மார்னிங் என்கிறாள், கொஞ்சமும் கூச்சமில்லாமல். ஹாலுக்கும் இந்த அறைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். கதவைக் கழற்றிப் பல வருஷமாகிறது, மகன் ஆசீர் அதில் விரலை நசுக்கிக்கொண்ட நாளிலிருந்து. அவன் என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான், முழங்காலில் இரண்டு கையையும் வைத்து, புகைப்படம் எடுக்கக் காத்திருப்பவன் மாதிரி. என் வீட்டுக்காரர் செல்வின் வெளியே கேட்டில் நிற்கிறார். யாரும் வந்து தாழ்ப்பாளைத் தட்டிவிடக் கூடாது. எதிர்வீட்டில் மிக்ஸி போட வேண்டாமென்று சொல்லிவைத்திருக்கிறார். அமெரிக்காவிலிருந்து பள்ளிக்கூடத்து ஆள் மகளிடம் பேசப் போகிறார்கள் என்று அவர் சொன்னதும் அந்த வீட்டு அன்னபாக்கியம், "ஸ்கூலுக்கா? காலேஜுக்குத்தான போவாங்க? பாளையங்கோட்டைல இல்லாத ஸ்கூலா அண்ணாச்சி?" என்று கேட்டாளாம். செல்வின் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். பெனிட்டா சிரிக்கவில்லை. இவங்களுக்கெல்லாம் ஏன் சொல்லுதீங்க என்றாள். இவங்களுக்கெல்லாம். அதில் நானும் சேர்த்தியா என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன், கரும்பலகையில் எழுதும்போதுகூட. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் டீச்சர் பாதியில் நிக்கீங்க டீச்சர் என்றன.

பெனிட்டா பேச்சின் நடுவே "என் சகோதரன்" என்று சொல்லும்போது நான் ஆசீரை விட்டுவிட வேண்டும், அதுதான் பேச்சு. அவன் தானாகவே திரையை விலக்கிக்கொண்டு ஹாலுக்குப் போவான். தங்கையின் தோளில் சாய்வான், அல்லது மேஜையைத் தட்டுவான், எதுவானாலும் சரி. பெனிட்டா திடுக்கிட்டதுபோல் மன்னிப்புக் கேட்டு, அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேச்சைத் தொடருவாள். இது சென்னைக்காரர் நந்தகிஷோர் சொன்ன யோசனை. பிள்ளைகளை வெளிநாட்டுப் பள்ளிகளில் சேர்க்க வழிசொல்லுவதுதான் அவருக்குத் தொழில். நாங்கள் அவரை நேரில் பார்த்ததில்லை, போனில்தான். மொத்தச் செலவையும் பள்ளியே ஏற்றுக்கொண்டால்தான் இவளால் போக முடியும், அப்படி ஏற்றுக்கொள்வது அபூர்வம், அதிலும் வெளிநாட்டுப் பிள்ளை என்றால் இன்னும் அபூர்வம் என்றார். "மார்க் எல்லாரும் வச்சிருக்காங்க மேடம். சைனாக்காரன் வச்சிருக்கான், வியட்நாம்காரன் வச்சிருக்கான். உங்க பொண்ணை ஃபீஸ் இல்லாம எடுக்கணும்னா அவங்களுக்கு ஒரு காரணம் வேணும். வீட்ல ஏதாவது கஷ்டம் இருக்கா?" சுகர் இருக்கா பிரஷர் இருக்கா என்று டாக்டர் கேட்கிற மாதிரி கேட்டார். நானும் செல்வினும் ஒருவரையொருவர் பார்த்தோம். பெனிட்டா போனுக்குப் பக்கத்தில் குனிந்து, இருக்கு சார் என்றாள். யோசிக்கவே இல்லை. கையில் தயாராக வைத்திருந்து கொடுத்ததுபோல இருந்தது. அவர் ஆசீரின் போட்டோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிறகு, கொஞ்சம் தயங்கினாரே தவிர மரியாதையாகத்தான் சொன்னார், "மீசை இருக்கே மேடம். மீசையைப் பாத்தா பயந்துருவாங்க. சின்னப் பையனா இருந்தா நல்லா இருந்திருக்கும்." சின்னப் பையனாக அவன் இருந்தான் சார். நீங்கள்தான் தாமதமாக வந்தீர்கள்.

மத்தியானம் செல்வின்தான் மீசையை எடுத்துவிட்டார். பின்வாசலில் ஸ்டூலைப் போட்டு, துண்டைக் கட்டி. பெனிட்டாவைவிட மூன்று வயது பெரியவன், ஆள் செல்வினைவிட உயரம், ஆனால் பிளேடு படும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டான். முடிந்ததும் பார்த்தால் எனக்கே யாரோ போல இருந்தான். மேலுதட்டில் ஒரு வெளுத்த கோடு, வெயில் படாத இடம். அந்த உதடு இப்போது லேசாகப் பிரிந்திருக்கிறது. சத்தம் இல்லை. காலையிலிருந்து முனகிக்கொண்டே இருந்தவன், அந்த அம்மாளின் குரல் வந்ததும் சுவிட்சை அணைத்தாற்போல நின்றுவிட்டான். நான் அதை யோசிக்கவே இல்லை. நந்தகிஷோருக்குத் தெரியாது, பெனிட்டாவும் மறந்துவிட்டாள், நான் மறந்திருக்கக் கூடாது. இந்த வீட்டில் வேற்று ஆளின் குரல் கேட்டால் ஆசீர் இந்த அறைக்கு வந்துவிட வேண்டும், வந்தால் வாயைத் திறக்கக் கூடாது. அப்படித்தான் அவனை வளர்த்தேன். ஜெபக்கூட்டத்துக்கு ஆட்கள் வந்தால், பெனிட்டாவின் சிநேகிதிகள் வந்தால், சிலிண்டர்காரன் வந்தால்கூட. கேட்டின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதுமே இப்போதெல்லாம் தானாக எழுந்து வந்துவிடுகிறான். ஆரம்பத்தில் கிள்ளித்தான் பழக்கினேன். கையின் உட்பக்கம், அக்குளுக்குக் கீழே, அங்கே கிள்ளினால் வெளியே தெரியாது. வகுப்பில் பிள்ளைகளைக் கிள்ளுகிற அதே இடம். பிறகு கிள்ளத் தேவையில்லாமல் பிஸ்கட் போதும் என்றாகிவிட்டது. எவ்வளவு அடக்கம் பியூலா உன் மகன், என்று ஒருமுறை பாஸ்டரம்மா சொன்னார்கள். அடக்கம்தான். இப்போதும் அடக்கமாக உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்கிறான், நான் சரியாக இருக்கிறேன்தானே என்று கேட்கிற பார்வை. சரியாகத்தான் இருக்கிறாய். அதுதான் இன்று தப்பு.

பெனிட்டா இப்போது அவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் தமிழ் மீடியம் டீச்சர்தான், ஆனால் மகள் பேசுகிற இங்கிலீஷ் புரியாத அளவுக்கு இல்லை. பாட்டில் மூடிகளை வைத்து அவனுக்கு நிறங்கள் சொல்லிக்கொடுத்தாளாம். சிவப்பு எது என்றால் அவன் சரியாக எடுத்துக் கொடுத்த அன்று அவள் அழுதாளாம். மழைக்காலத்தில் இடி இடித்தால் அவன் இவளிடம்தான் ஓடி வருவானாம். குரல் ஓரிடத்தில் லேசாக உடைந்து மறுபடி சேர்கிறது, எவ்வளவு அழகாகச் செய்கிறாள். பாட்டில் மூடி வைத்துச் சொல்லிக்கொடுத்தது நான். அழுததும் நான்தான், சமையலறையில், ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். பார்த்திருக்கிறாள். எல்லாவற்றையும் பார்த்து எடுத்துவைத்திருக்கிறாள், என்றைக்காவது உதவும் என்று. போன வாரம் சிநேகிதிகள் படிக்க வந்தபோது இவனை இந்த அறைக்குத் தள்ளிவிட்டு, போதாதென்று திரைக்குக் குறுக்கே நாற்காலியை இழுத்துப் போட்டாளே, அந்தக் கைதான் இப்போது அங்கே மேஜையில் கோத்து வைக்கப்பட்டிருக்கும். என் சகோதரன், என்கிறாள். ஒருமுறை சொல்லிவிட்டாள், மறுபடியும் சொல்கிறாள், முதல் எழுத்தை அழுத்தி. எழுந்திரு என்று ஆசீரின் முதுகில் கை வைக்கிறேன். அவன் அசையவில்லை. தள்ளினால் இன்னும் சுருங்கி உட்காருகிறான், தலை குனிந்து. முதுகு வியர்த்திருக்கிறது. புதுச் சட்டை, ஒட்டிக்கொள்கிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளலாம். கையைப் பிடித்து இழுத்தால் வருவான், என்னோடு எங்கே வேண்டுமானாலும் வருவான். அந்த இடத்தில் கிள்ளினால் பாய்ந்து எழுந்து கத்திக்கொண்டே ஹாலுக்கு ஓடுவான், மேஜையைப் புரட்டினாலும் புரட்டுவான். தலையணைக்கு அடியில் இருக்கிற பிஸ்கட்டைக் காட்டினால் இப்படியே ஒரு மணி நேரம் இருப்பான். எல்லாம் என் கையில் இருக்கிறது. என் கை அவன் முதுகில் சும்மா இருக்கிறது. வைத்த கை வைத்தபடி.

போகட்டுமே. பிள்ளை படிக்கட்டுமே. என்ன தாய் நீ. ஆனால் போனால் வரமாட்டாள், அது எனக்குத் தெரியும், செல்வினுக்குத் தெரியாது. படிப்பு முடிந்து ஒரு டாக்டராகி அண்ணனைப் போன்ற பிள்ளைகளுக்கு உதவுவாளாம், பள்ளிக்கு அனுப்பிய கட்டுரையில் அப்படி எழுதியிருக்கிறாள், செல்வின் அதை நம்பி ஜெபத்திலேயே சொல்கிறார். பதினாலு வயதில் போகிறவள் எங்கே வருவாள். அங்கே ஒரு படுக்கை, ஒரு அலமாரி, இரவில் முனகாத அறை. ஒரு நாள் அப்படித் தூங்கி எழுந்தால் போதும், திரும்பி வர மனசு வராது. எனக்கே வராது. நாங்கள் இருக்கிறவரை சரி. செல்வினுக்கு இப்போதே முழங்கால் வலி. அதற்குப் பிறகு இவனை யார் பார்ப்பது. ஊருக்கு வெளியே ஒரு இல்லம் இருக்கிறதென்று போய்ப் பார்த்துவிட்டு வந்தோம், பெனிட்டாவுக்குச் சொல்லாமல். நல்ல இடம்தான், சுத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் மொட்டை. பினாயில் வாசனை. நாற்பது வயது இருக்கும் ஒருவன், என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அங்கிருந்த சிஸ்டர் அவன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார், பழக்கப்பட்ட கை, ஒரு விரல் பிரித்ததும் அடுத்தது. வீட்டுக்கு வந்து சேலையை நனைத்து வைத்தேன். அன்றிலிருந்து ஒரே ஜெபம்தான். எங்களுக்கு முன்னால் இவனை எடுத்துக்கொள்ளும். இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. குடும்ப ஜெபத்தில் நால்வரும் ஒரே பாயில் முழங்காலிட்டிருக்கும்போது பெனிட்டா அமெரிக்காவைக் கேட்பாள், நான் இதைக் கேட்பேன், ஆசீர் பாய்க்கோரையைப் பிய்ப்பான். ஒரே பாயிலிருந்து போகிற இரண்டு விண்ணப்பம், எதற்கு முதலில் பதில் வரும் என்று ஆமென் சொல்லும்போது நினைப்பேன். அப்படி நினைத்ததற்காக மறுபடி ஒரு ஜெபம்.

இவள் எதற்குப் பிறந்தாள். இவனுக்கு இரண்டு வயதாகியும் நிற்கவில்லை, டாக்டர் இதுதான் நிலைமை என்று சொல்லிவிட்டார். இன்னொன்று பெற்றுக்கொள்ளுங்கள் அம்மா, இவனைப் பார்க்க ஒரு ஆள் வேண்டாமா என்று அவரே சொன்னார், மருந்துச் சீட்டில் எழுதுகிற அதே முகத்தோடு. அதையேதான் எல்லோரும் சொன்னார்கள். அப்படித்தான் இவளைப் பெற்றேன். ஒரு ஆள். அதைத் தவறென்று நான் அப்போது நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கிறேனா தெரியவில்லை. எல்லோரும் ஏதோ ஒன்றுக்காகத்தான் பெற்றுக்கொள்கிறார்கள். லில்லி மதினி, செல்வினின் அக்கா, ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்தபோது இவளிடம் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். "ஏட்டி, உங்க அண்ணனப் பாக்கத்தான உன்னப் பெத்தாங்க, அவனுக்குத் தண்ணி எடுத்துக் குடுக்க உனக்கு வலிக்கா?" எட்டு வயசு. கையில் அச்சுமுறுக்கு வைத்திருந்தாள். அதைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அத்தை சும்மா சொல்லுதா என்றாவது சொல்லியிருக்கலாம். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் அவள் இவ்வளவு நன்றாகப் படிக்க ஆரம்பித்தாள். வகுப்பில் முதலிடம், இங்கிலீஷ் படங்களைப் பார்த்து உச்சரிப்பு, இந்தப் பள்ளி விவகாரம் எல்லாம் அவளாகவே தேடிக் கண்டுபிடித்தது. மகள் எவ்வளவு பொறுப்பு என்று ஊரே சொல்கிறது. ஓடத் தயாராகிறவளின் பொறுப்பு அது. ஆறு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறாள், ஹாலில் உட்கார்ந்தபடியே.

திரை விலகுகிறது. பெனிட்டா. அவள் முகத்தில் அங்கே பேசிய முகம் இன்னும் இருக்கிறது, வாய் மட்டும் எங்கள் வாய்.

"எத்தன தடவ சொல்லிட்டேன். ஏன் அனுப்ப மாட்டேங்க?"

"எந்திரிக்க மாட்டேங்கான்ட்டி."

"நீ எழுப்பல." கிசுகிசுவென்றுதான் சொன்னாள். "அந்தம்மாவே கேட்டுட்டாங்க. உன்னையும் பாக்கணுமாம். அம்மாகிட்ட ஒரு நிமிஷம் பேசணுமாம். ரெண்டு பேரும் வாங்க." பிறகு அவனைப் பார்த்துக் குனிந்து, அந்தப் பக்கத்துக்குக் கேட்கிற குரலில், "வா அண்ணா" என்றாள். அண்ணா. அவன் அந்தச் சொல்லுக்குத் திரும்பவே இல்லை, அது யாருடைய பெயரோ என்று இருந்தான். நான் கையைப் பிடித்தேன். உடனே எழுந்துகொண்டான்.

லேப்டாப் திரையில் நரைத்த முடி, கம்பளிச் சட்டை, பின்னால் ஒரு ஜன்னலில் மொட்டையான மரம். நல்ல முகம். நான் ஒரு கெட்ட முகத்தை எதிர்பார்த்திருந்தேன், அது இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் கையை ஆட்டி ஆசீரின் பெயரைச் சொன்னாள், தப்பாகத்தான், ஆனால் பழகிப் பார்த்துவைத்திருந்த தப்பு. அவன் திரையின் மூலையில் தெரிகிற தன் முகத்தைப் பார்த்துவிட்டு மேலுதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு அமைதியான பிள்ளை என்றாள். பெனிட்டா அவன் தோளில் கை போட்டாள். அவனுக்கு அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை, தோளை ஒரு பக்கமாக இறக்கிக்கொண்டான். அந்த அம்மாள் என்னைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, எனக்குப் புரிய வேண்டுமென்று, பேசினாள். உங்கள் மகளை எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அவள் எழுதியதை எங்கள் குழுவில் எல்லோரும் படித்தோம். எங்களுக்கு ஒரே ஒரு கவலைதான் இருக்கிறது. இவள் இங்கே வந்துவிட்டால் ஆசீரை யார் பார்த்துக்கொள்வார்கள்? அவனிடமிருந்து இவளைப் பிரிப்பது சரிதானா என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அவனுடைய தாய் நீங்கள், நீங்கள் சொல்லுங்கள்.

இதற்கு நந்தகிஷோர் எதுவும் சொல்லித்தரவில்லை. செலவைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும், குளிரைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும், எல்லாம் ஒப்பித்து வைத்திருந்தேன். இது இல்லை. மேஜைக்கு அடியில் பெனிட்டாவின் பாதம் என் பாதத்தின்மேல் வந்து அழுத்தியது. நான் இருக்கிறேன். அவ்வளவுதான். ஒரு குழந்தைகூடச் சொல்லக்கூடிய இங்கிலீஷ். நான் அவன் தாய், நான் இருக்கிறேன், பிறந்ததிலிருந்து நான்தான் பார்க்கிறேன். பொய்யும் இல்லை, அவள் எழுதியதைக் கெடுக்கவும் செய்யாது, எழுத்துக்கு எழுத்து உண்மை. நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. யார் பார்ப்பது, யார் பார்ப்பது என்று நான் இத்தனை வருஷமும் ஒவ்வொருவரிடமும் கேட்டு ஒருவரும் பதில் சொல்லாத கேள்வியை உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒருத்தி என்னிடம் கேட்கிறாள், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பி. அழுத்துகிற பாதம் சில்லென்று இருக்கிறது. என் பிள்ளையின் பாதம், மாதக்கணக்கில் எண்ணெய் தேய்த்து நீவிவிட்ட பாதம். வாயைத் திறந்தேன். இவள்தான் எல்லாம், என்றேன். இவள் ஊட்டினால்தான் சாப்பிடுவான். நான் ஊட்டினால் துப்பிவிடுவான். இவள் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறவரை வாசலைப் பார்த்து அழுதுகொண்டிருப்பான். என் குரல் எனக்கே நன்றாக இருந்தது, வகுப்பில் கதை சொல்கிற குரல். ஆனால் இவள் போகட்டும், என்றேன். எங்களைப் பார்க்க வேண்டாம். அவன் அழுதால் அழட்டும். கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். எவ்வளவு நல்ல குடும்பம் நீங்கள், என்றாள். உங்கள் எல்லோருக்கும் எது நல்லதோ அதைத்தான் செய்ய வேண்டும், ஆசீருக்கும் சேர்த்து, அதை நான் குழுவில் சொல்வேன், என்றாள். சொல்வாள், அப்படியே சொல்வாள், நல்லவள்தானே. நல்லவள் பிரிக்க மாட்டாள். பெனிட்டா சிரித்துக்கொண்டிருந்தாள். நன்றி சொன்னாள், நல்ல நாளாக அமையட்டும் என்றாள், கை ஆட்டினாள். என் பாதத்தின்மேல் இருந்த பாதம் எப்போது எடுக்கப்பட்டதென்று எனக்குத் தெரியவில்லை.

லேப்டாப்பை மூடிய பிறகும் சிரிப்பை அவள் இறக்கிவைக்கவில்லை. செல்வின் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். "என்னம்மா? நல்லா போச்சா? ஆசீர் வந்தானா?"

"வந்தான்ப்பா. அம்மா ரொம்ப நல்லா பேசுனாங்க."

"பின்ன? டீச்சர்லா!" என்று என் தோளில் தட்டினார். "எனக்கு வெளிய ஒண்ணும் கேக்கல. என்ன பியூலா சொன்ன?"

நான் குக்கரைத் திறக்கிற சாக்கில் சமையலறைக்குள் போனேன். பெனிட்டா பின்னாலேயே வந்தாள். கை கழுவிவிட்டு ஆசீரின் தட்டை எடுத்தாள். அவளுக்கு அவன் தட்டு எதுவென்று தெரிந்திருந்தது. சோறு போட்டு, பருப்பு ஊற்றி, நான் ஆறவைப்பதுபோல் பரத்தாமல், அப்படியே பிசைந்துகொண்டு போய் அவன் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வேற்றுக் குரல் போய்விட்டதால் அவன் முனக ஆரம்பித்திருந்தான். வாயைத் திறந்தான். முதல் கவளம் உள்ளே போயிற்று. அவன் மெல்லும் முன்பே அடுத்தது, அதை விழுங்கும் முன்பே அடுத்தது, அவள் கை நிற்கவே இல்லை, முகத்தில் ஒன்றுமில்லை, அவன் கண்ணில் தண்ணீர் வந்தது, கன்னம் புடைத்தது, ஆனாலும் வாயைத் திறந்தான், தங்கை ஊட்டுகிறாள் என்று சந்தோஷமாகக்கூட இருந்தான் என்று நினைக்கிறேன், காலை ஆட்டினான். செல்வின் வாசற்படியில் நின்று, "பாரேன், அண்ணனுக்கு ஊட்டுதா" என்றார். மெதுவாட்டி என்று சொல்லலாம். தட்டை வாங்கிக்கொள்ளலாம். அவன் இருமினான், சோறு சிதறி அவள் சட்டையில் விழுந்தது, அவள் துடைக்காமல் அடுத்த கவளத்தை உருட்டினாள். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். உருண்டை பெரிதாக இருக்கிறது, சூடாகவும் இருக்கிறது. கை இன்னும் படியவில்லை. போகப் போகப் படிந்துவிடும்.